கறியும் 'கர்ரி'யும்: ஒலி ஒன்று, பிறப்பு வேறு



ஆங்கிலம் தமிழிடம் கடன் பெற்ற சொற்களை வகுப்பில் கூறும்போது, கட்டுமரம், மிளகுத்தண்ணீர் ஆகியவற்றோடு கறியையும் தவறாமல் குறிப்பிடுவேன். ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, ஆங்கிலத்தில் 'கர்ரி ஃபேவர்' என்கிறார்களே, அதுவும் நம் கறிதானா?" என்று கேட்டாள். ஆதாயம் கருதி ஒருவரை முகத்துதி செய்வதை அத்தொடர் குறிக்கும். "ஆம், விருந்து வைத்து மயக்குவதுதானே அது!" என்று தயங்காமல் விடையளித்தேன். வீடு திரும்பி அகராதியைப் புரட்டியபோதுதான் என் விடை முற்றிலும் பிழை என்பது விளங்கியது.

நம்முடைய கறி

சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகைக் குறிக்கும். யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து முசிறியில் கறியை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. மிளகாய் போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் உணவுக்குக் காரம் தந்தவற்றுள் முதன்மையானது இந்தக் கறியே. பின்னர் இச்சொல் மிளகிட்டுச் சமைத்த உணவுக்கும், காய்கறிக்கும், இறைச்சிக்கும் பெயராய் விரிந்தது. மலாய்மொழியின் 'காரி'யும் நம்மிடமிருந்து சென்றதே.

போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் இவ்வுணவைக் 'கரில்' என்று குறித்தார். 1598இல் ஆங்கிலத்தில் வெளியான லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல், சோற்றின்மீது ஊற்றி உண்ணும் புளிப்பான மீன்குழம்பை இதே பெயரால் விவரிக்கிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தம் சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறை தந்தார். முப்பது மிளகும், தூய அள்ளியில் வறுத்த கொத்தமல்லி விதையுமே அதன் முக்கிய மசாலைப் பொருள்கள். அந்தக் கறியிலும் காரம் தந்தது மிளகுதான்!

குதிரையின் 'கர்ரி'

முகத்துதியைக் குறிக்கும் 'கர்ரி' வேறு. பழைய பிரெஞ்சு மொழியில் ஆயத்தம் செய்தல், சீர்செய்தல் என்னும் பொருளுடைய ஒரு வினையிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலத்தில் குதிரையைத் தேய்த்துச் சீவிப் பேணுவதை அது குறித்தது. குதிரை தேய்க்கும் பற்சீப்புக்கு இன்றும் 'கர்ரிகோம்' என்றே பெயர்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் 'ஃபோவெல்' என்னும் குதிரையைப் பற்றிய அங்கதக் காவியம் ஒன்று தோன்றியது. அதன் பெயரிலுள்ள ஆறு எழுத்துகளும் முகத்துதி, பேராசை, இழிசெயல், நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம் ஆகிய ஆறு தீமைகளின் பிரெஞ்சுச் சொற்களுக்கு முதலெழுத்துகள். தொழுவத்திலிருந்து அரண்மனைக்கு வந்த அக்குதிரையைப் பெரிய பதவியில் இருப்போரெல்லாம் போட்டி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். 'ஃபோவெலைத் தேய்த்தல்' ஆங்கிலத்திற் புகுந்து 'ஃபேவலைத் தேய்த்தல்' ஆயிற்று. குதிரையின் பெயர் மறந்துபோக, ஒலியால் நெருங்கிய 'ஃபேவர்', அதாவது தயவு, 16ஆம் நூற்றாண்டில் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. நாம் 'காக்காய் பிடித்தல்' என்கிறோம். அது 'கால் கை பிடித்தல்' என்பதன் திரிபு என்பாரும் உளர். ஆனால் அதற்கும் சான்று தேடவேண்டும் என்பதை இப்போது கற்றுக்கொண்டேன்!

மூன்றாவது ஒன்று

இதே தவற்றை மறுபுறம் செய்வோரும் உண்டு. ஆங்கில அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் ஏறத்தாழ 1390இல் தொகுத்த சமையல் நூலின் பெயரில் 'கியூரி' என்ற சொல் வருகிறது. அதைக் காட்டி, கறி ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே என்று வாதிடுவார்கள். அது சமையற்கலையைக் குறித்த பிரெஞ்சு வழிச் சொல். கறிக்கும் அதற்கும் உறவில்லை.

நம் கறியிலிருந்தே பிறந்த உருவகம் வேண்டுமாயின் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லவேண்டும். அங்கே ஒருவருக்குக் 'கர்ரி கொடுப்பது' என்றால் காரசாரமாகத் திட்டித் தீர்ப்பது. நாம் 'தாளித்துவிட்டான்' என்று சொல்வதில்லையா, அதைப் போல!

மறுநாள் வெண்பலகையில் மூன்று சொற்களையும் தனித்தனியே எழுதி, "நேற்று நான் சொன்னது தவறு" என்று மாணவர்களிடம் கூறினேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆயினும் தமிழ்ப்பற்றின் பெயரால் நாம் கற்பிக்கும் ஒரு பொய், நாளை இடைநிலைப்பள்ளியில் நம் பிள்ளைகளைத் தலைகுனியச் செய்யும். அதன்பின் அவர்கள் கூறும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். உலகமே உண்ணும் கறி நம் சொல்தான். அதற்குச் சான்று உண்டு. அந்தப் பெருமையே போதும், குதிரையையும் நம் தொழுவத்தில் கட்டவேண்டியதில்லை.

மீண்டும் சந்திப்போம். வாழ்க தமிழ்!