எவற்றைக் காப்பது? - இருப்புப்பாதையின் பழஞ்சின்னங்கள்

இருப்புப்பாதை இந்நாட்டிற்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இக்காலத்துள் ஓடி ஓய்ந்த எஞ்சின்களும் பெட்டிகளும் எண்ணில் அடங்கா. அவை யாவற்றையும் நிறுத்திவைக்க இடமுமில்லை, பேணுதற்குப் பொருளுமில்லை. பணி முடிந்த வண்டி பழைய இரும்பாக ஏலம் போய் உலையில் உருகுவதே உலக வழக்கம். சிலவற்றைக் காக்க விரும்பின் பலவற்றை விட்டே ஆதல் வேண்டும். ஆயின், எவற்றைக் காப்பது என்பதற்கு அளவுகோல் யாது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணா வரை 21 மைல் தொலைவு முதற் பயணிவண்டி ஓடிற்று. சாகிப், சிந்து, சுல்தான் என்னும் மூன்று எஞ்சின்கள் அதனை இழுத்தன. நாட்டின் வாழ்வையே மாற்றிய அம்மூன்றனுள் ஒன்றேனும் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. உரிய காலத்தில் எவரும் முடிவு செய்யாமையால் நேர்ந்த இழப்பு அது. எவ்வளவு பொருள் கொடுத்தும் இனி ஈடுசெய்ய இயலாது.

எஞ்சியவற்றுட் சில தற்செயலாகவே பிழைத்தன. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பெற்ற 'பேரி குவீன்' வங்காளத்தில் அஞ்சல் வண்டிகளை இழுத்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது படைகளையும் சுமந்தது. 1909இல் ஓய்வு பெற்று ஹௌராவில் காட்சிப் பொருளாக நின்றது; பின்னர்ச் சந்தௌசி பயிற்சிப் பள்ளியை அடைந்தது. அங்ஙனம் நின்றமையாலேயே 1997இல் அது மீண்டும் ஓட முடிந்தது. பாட்டியாலா அரசின் ஒற்றைத் தண்டவாள வண்டியின் கதை இன்னும் வியப்புடையது. ஒரு சக்கரம் தண்டவாளத்திலும், சாயாது தாங்கும் பெருஞ்சக்கரம் சாலையிலும் உருள, 1907 முதல் 1927 வரை அது ஓடிற்று. பின் அனைவராலும் மறக்கப்பட்டுக் கிடந்த அதன் எஞ்சினை 1962இல் மைக்கேல் சேட்டோ என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர் கண்டறிந்தார். அதற்குள் எவரேனும் ஏலத்தில் எடுத்திருப்பின், அத்தகைய வண்டி ஒன்று இருந்ததென்பதை எழுத்தில் மட்டுமே படித்திருப்போம்.

1977இல் தலைநகரில் தேசிய இரயில் காட்சிசாலை திறக்கப்பெற்றபின், தேர்ந்து காக்கும் முறை ஓரளவு நிலைபெற்றது. பாட்டியாலா வண்டி அங்கு உள்ளது. வேல்ஸ் இளவரசருக்கெனச் செய்த பெட்டியும், மைசூர் மன்னரின் பெட்டியும் அங்கு அழகுற விளங்குகின்றன. அவற்றைக் காத்தது தக்கதே. ஆயினும், பழமையும் பகட்டும் மட்டுமே அளவுகோலாயின் வரலாறு பாதியாய்க் குறையும் என்று கருதுகிறோம்.

நாம் வேண்டுவன மூன்று தகுதிகள். ஒன்று, அப்பொருள் ஒரு மாறுதலுக்குச் சான்றாதல். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950 முதல் நம் நாட்டிலேயே செய்தளித்த நீராவி எஞ்சின்கள் இவ்வகையின. இரண்டு, மக்கள் வாழ்வோடு இயைந்திருத்தல். மூன்று, இயன்றவரை தன் மெய்யான உறுப்புகளோடு இருத்தல். உறுப்பெல்லாம் புதிதாக மாற்றி வண்ணம் பூசி நிறுத்தினால், அது பழம்பொருளின் உருவமேயன்றிப் பழம்பொருள் ஆகாது.

இரண்டாம் தகுதியையே நாம் பெரிதும் வற்புறுத்துவோம். அரசர் பெட்டியில் சென்றவர் சிலர். மரப்பலகை இருக்கை கொண்ட மூன்றாம் வகுப்பில் சென்றவர் கோடிக்கணக்கினர். காந்தியடிகள் நாட்டைக் கண்டதும் அவ்வகுப்பிலிருந்தே. 1974இல் மூன்றாம் வகுப்பு நீங்கிற்று. அதன் பெட்டியைக் காண விரும்பும் பிள்ளைக்கு அதனைக் காட்டுதல் நம் கடனன்றோ? சிறு கருவிகளும் இத்தகையனவே. ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கிடையே ஓட்டுநர் கையில் ஓர் இரும்பு உருண்டை இருந்தாலன்றி வண்டி புறப்படாது. ஓர் உருண்டை வெளியே இருக்கும்வரை அவ்விரு நிலையங்களிலுமுள்ள கருவிகள் மற்றொன்றைத் தாரா. எதிரெதிர் வண்டிகள் மோதாது எத்தனையோ உயிர்களைக் காத்தது அவ்வெளிய ஏற்பாடு. கெட்டி அட்டைச் சீட்டும் அதில் தேதி குத்தும் இயந்திரமும் எவர் கண்ணிலும் சிறியவை. பயணம் செய்தோர் நினைவில் பெரியவை.

இவ்வினா பழங்கதையன்று. சென்னைப் பெரம்பூரில் 1955 முதல் செய்யப்பட்டு, நாடெங்கும் ஓடிய ஐ.சி.எப். வடிவப் பெட்டிகளின் உற்பத்தி அங்கு 2018இல் நின்றது. தமிழகத் தொழிலாளர் கைகளில் உருவான அப்பெட்டிகளிலேயே நம்மிற் பலர் பிழைப்பு நாடி வடக்கே வந்தோம். விடுமுறைதோறும் ஊர் சென்று மீண்டோம். அவை ஒவ்வொன்றாகப் பணியினின்று நீங்குகின்றன. மிகுதியாக இருக்கும் பொருளை எவரும் போற்றுவதில்லை. அரிதானபின் தேடினால் கிடைப்பதுமில்லை. முன்பதிவுப் பெட்டி ஒன்றையேனும், உள்ளமைப்பு எதனையும் மாற்றாமல், படுக்கையும் சங்கிலியும் எண் பலகையும் உள்ளவாறே காக்க இதுவே காலம்.

நம் சங்கத்து அன்பர்களுள் இரயில்வேயில் பணியாற்றியோர் உளர். அவர்தம் இல்லங்களில் பழைய விளக்கோ, அட்டவணையோ, சீட்டோ இருப்பின், பயனற்றதென எறிந்துவிட வேண்டா. அது எந்நிலையத்தில், எவ்வாண்டில், எதற்குப் பயன்பட்டதென ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். வரலாறு அறியப்படாத பொருள் வெறும் இரும்பே. அறியப்பட்டதோ நம் மக்களுக்கு நாம் விட்டுச்செல்லும் செல்வம்.