குதிரைத்திறனை அளந்த கருவிகள்

வீணையின் நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டுவோர்க்குச் செவியே அளவுகோல். மோட்டார் கார் எஞ்சினைச் செப்பம் செய்யும் வினைஞர்களும் ஒரு காலத்தில் பெரும்பாலும் செவியையே நம்பினர். ஆனால் எஞ்சினின் முழக்கம் அதன் வலிமைக்குச் சான்றாகாது. புகைபோக்கியை மாற்றினால் முழக்கம் கூடும். வலிமையும் கூடியதா என்பதை அம்முழக்கம் உரைக்காது. சுழலும் தண்டை ஏதேனும் ஒன்றால் எதிர்த்துப் பார்த்தாலன்றி அதன் வலிமை வெளிப்படாது. அவ்வாறு எதிர்த்து அளக்கும் கருவியே டைனமோமீட்டர். கிரேக்க மொழியில் 'டைனமிஸ்' என்பது ஆற்றல். 'மெட்ரான்' என்பது அளவு. தமிழில் அதனைத் திறன்மானி எனலாம். எதனைக்கொண்டு எதிர்ப்பது என்னும் வினாவுக்கு மரம், நீர், காந்தம், இரும்புருளை எனக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. விடை மாறியபோது எஞ்சினைப்பற்றிக் கிடைத்த எண்ணும் மாறியது.

அளக்கும் கருவிக்கு முன்பே அளவு பிறந்துவிட்டது. நீராவிப் பொறியைக் குதிரைகளோடு ஒப்பிடும் எண்ணம் 1702இல் தாமஸ் சேவரி எழுதிய நூலிலேயே காணப்படுகிறது. அதற்குத் திட்டமான எண்ணைத் தந்தவர் ஜேம்ஸ் வாட். செக்கு மாடுபோல் ஆலையைச் சுற்றிவரும் குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 சுற்று நடப்பதாகவும், 180 பவுண்டு விசையுடன் இழுப்பதாகவும் அவர் கணக்கிட்டார். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 32,600 அடி-பவுண்டு வரும். அதனை 33,000 என முழுமையாக்கி ஒரு குதிரைத்திறன் என்றார். நாள் முழுதும் உழைக்கும் குதிரைக்கு இது மிகையான மதிப்பே. எனினும் குதிரைகளை விற்றுவிட்டுப் பொறி வாங்க வந்த மதுவடிப்பு ஆலைக்காரருக்கு விளங்கக்கூடிய மொழி அதுவாகவே இருந்தது.

வாட்டின் காலத்தில் பயன்பட்ட 'இண்டிகேட்டர்' என்னும் கருவி, உருளைக்குள் நீராவியின் அழுத்தத்தைக் காட்டியது. உள்ளே பிறந்த திறனை அதனால் அறியலாம். உராய்வுக்கு இரையானது போகத் தண்டின் வழியே வெளிவந்தது எவ்வளவு என்பதை அறிய இயலாது. விளைந்த நெல் வேறு, வீடு வந்து சேர்ந்த நெல் வேறு அன்றோ? பொறிக்குப் பணம் கொடுத்தவர்க்கு இரண்டாவது எண்ணே தேவைப்பட்டது.

அதனைத் தந்தவர் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் காஸ்பார் த புரோனி. 1821இல் அவர் அமைத்த கருவியின் எளிமை வியக்கத்தக்கது. சுழலும் தண்டை இரு மரக்கட்டைகளுக்கிடையே வைத்துத் திருகாணிகளால் இறுக்குவர். கட்டையோடு நீண்ட கை ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது கட்டையையும் கையையும் தன்னோடு இழுத்துச் செல்ல முயலும். கையின் முனையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு அதனைக் கிடைமட்டமாக நிறுத்துவர். எடை, கையின் நீளம், சுழற்சி வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கி, வட்டத்திற்குரிய எண்ணாலும் பெருக்கினால் திறன் கிடைத்துவிடும். 'பிரேக் ஹார்ஸ்பவர்' என்று இன்றும் வழங்கும் சொல்லில் உள்ள பிரேக், காரை நிறுத்தும் பிரேக்கன்று. புரோனியின் இந்த மரக்கட்டையே.

ஆயினும் அதில் இரு குறைகள் இருந்தன. அளக்கப்படும் திறன் முழுவதும் வெப்பமாக மாறுவதால் கட்டை புகைந்தது. இடைவிடாது நீர் ஊற்ற வேண்டியதாயிற்று. அடுத்த குறை இன்னும் நுட்பமானது. உலர்ந்த உராய்வு வேகத்திற்கேற்ப வளர்வதில்லை. எனவே பொறியின் விசை சற்றே மிகுந்தால் அது கட்டுமீறி ஓடும். சற்றே குறைந்தால் நின்றுவிடும். ஆள் ஒருவர் திருகாணியை இறுக்கியும் தளர்த்தியும் கொண்டே இருக்க வேண்டும்.

இவ்விரு குறைகளையும் நீரால் வென்றவர் வில்லியம் ஃபுரூட். கப்பல்களின் சிறு மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்து ஆராய்ந்த பெரியார் அவர். கப்பற்படைப் பொறிகளின் திறனை அளக்க 1877இல் அவர் வகுத்த கருவி, 2,000 குதிரைத்திறனைத் தாங்கவல்லது. கப்பலின் விசிறியைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பொருத்தத்தக்கது. கிண்ணங்கள் போன்ற குழிகளுடைய சக்கரம் ஒன்று, அதேபோன்ற குழிகளுடைய கூட்டுக்குள் சுழலும். சக்கரம் வீசும் நீர் கூட்டின் குழிகளில் மோதி அதனைத் திருப்ப முயலும். கூட்டைப் பிடித்து நிறுத்தும் விசையே அளவு. வேகம் இருமடங்கானால் நீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே கட்டுமீற முயலும் பொறியை நீரே அடக்கிவிடும். வெப்பத்தையும் ஓடும் நீரே ஏந்திச் செல்லும்.

மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இக்கருவியை மேலும் செம்மைப்படுத்தினார். 1897இல் மூர்பி என்பவரோடு சேர்ந்து, இதனுள் பாயும் நீரை உறைநிலையருகிலிருந்து கொதிநிலையருகே வரை சூடேற்றி, வேலைக்கும் வெப்பத்திற்கும் உள்ள விகிதத்தையே அவர் அளந்து காட்டினார். பட்டறைக் கருவி ஒன்று இயற்பியலின் அடிப்படை எண்ணைச் சொல்லப் புகுந்த அருஞ்செயல் அது.

காந்தத்தின் முறை பின்னர் வந்தது. காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றினால், எதுவும் தொடாமலே தட்டு தடைப்பட்டு வெப்பமடைவதை 1855இல் ஃபூக்கோ காட்டினார். தட்டுக்குள் எழும் சுழல் மின்னோட்டமே அதற்குக் காரணம். அமெரிக்காவில் 1930களில் விந்தர் சகோதரர்கள் இதனைத் திறன்மானியாக்கினர். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து எதிர்ப்பை உடனுக்குடன் மாற்றலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

எஞ்சினைக் கழற்றாமல், காரின் சக்கரங்களையே உருளைமீது ஓடவிடும் முறை இன்று பட்டறைகளில் பரவியுள்ளது. இதன் மூதாதை இரயில் எஞ்சின். 1891இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் காஸ், முழு இரயில் எஞ்சினையே உருளைகள்மீது நிறுத்தி, இடம் பெயராமல் ஓடச் செய்தார். 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கு வந்தோர் அத்தகைய காட்சியைக் கண்முன் கண்டனர்.

காருக்கான உருளைமானிகள் இருவகைப்படும். காந்தத் தடை பொருந்திய வகையில், எஞ்சினை நிமிடத்திற்கு 3,000 சுற்றில் அசையாது நிறுத்தி, எரிபொருளின் கலவையையும் தீப்பொறி எழும் நேரத்தையும் பொறுமையாகத் திருத்தலாம். நிலைமத்தால் இயங்கும் மற்றொரு வகையில் தடையே இல்லை. கனமான உருளை மட்டும் உண்டு. அதனை எஞ்சின் எவ்வளவு விரைவில் முடுக்குகிறது என்பதிலிருந்து திறன் கணக்கிடப்படும். சோதனை சில நொடிகளில் முடிந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் ஓடிக் கடந்த புள்ளியில் நின்று திருத்த அதில் வழியில்லை. செப்பம் செய்வோர்க்கு முன்னதே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

எந்த வகையாயினும் கியர்ப்பெட்டியும் டயரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரே எண் வெளிப்படுகிறது. அந்த இழப்பை ஊகித்துக் கூட்டி 'எஞ்சினின் திறன்' என எழுதித் தரும் பட்டறைகளும் உள. அந்த எண் அளக்கப்பட்டதன்று, ஊகிக்கப்பட்டதே.

அளக்காத எண்ணால் ஒரு நாட்டின் தொழிலே வளைந்ததும் உண்டு. பிரிட்டனில் 1921 முதல் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு என வரி தண்டினர். அத்திறனோ எந்த மானியாலும் அளக்கப்படவில்லை. உருளையின் குறுக்களவை அதே அளவாலேயே பெருக்கி, உருளைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கி, 2.5ஆல் வகுத்த கணக்கு அது. வரிக்கு அஞ்சி, குறுகி நீண்ட உருளைகளையே அந்நாட்டுப் பொறியாளர்கள் வடிக்கலாயினர். 1947இன் தொடக்கத்தில்தான் அம்முறை ஒழிந்தது.

அமெரிக்காவிலோ அளந்த எண்ணே மயக்கம் தந்தது. அங்கே எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, ஒலியடக்கி போன்ற சுமைகளை நீக்கிவிட்டு அளந்தனர். 1971ஆம் ஆண்டுக் காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சின் அவ்வாறு 365 குதிரைத்திறன் காட்டியது. காரில் உள்ளபடியே எல்லாத் துணைக்கருவிகளுடனும் அளந்தபோது அதே எஞ்சின் காட்டியது 235. அடுத்த ஆண்டு முதல் இரண்டாம் முறையே அங்கு வழக்கமாயிற்று. வலிமையில் எதுவும் குறையாதிருக்க, விளம்பரத்தில் மட்டும் 130 குதிரைகள் காணாமற் போயின.

வானிலையும் இதில் தலையிடுகிறது. வெப்பம் மிகுந்த காற்றில் உயிர்வளி குறையும், எஞ்சின் சோரும். எனவே அளந்த எண்ணை ஒரு பொதுநிலைக்கு மாற்றி எழுதுவர். ஆனால் அப்பொதுநிலைகளும் பல. அமெரிக்கத் தரங்களில் பழையதைக் கொண்டால், புதியதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு கூடுதலான திறன் தாளில் பதியும். தேர்ந்த வினைஞர்கள் ஆகையால் ஒரு காரின் எண்ணை வேறிடத்துக் காரின் எண்ணோடு ஒப்பிடுவதில்லை. திருத்தத்திற்கு முன்னும் பின்னும் அதே காரை, அதே உருளையில், அதே கியரில், டயரில் அதே காற்றழுத்தத்துடன் ஓட்டி, இரு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்க்கின்றனர்.