தங்கத்துக்காக ஒரு காத்திருப்பு

அமெரிக்காவில் ஓய்வு பெறும் ஒருவர் தன் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தங்கமாக மாற்ற நினைத்தால், நேராகக் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. பழைய கணக்கிலிருந்து பணம் கிளம்ப வேண்டும். புதிய கணக்கின் பொறுப்பாளர் நிறுவனத்துக்கு அது வந்து சேர வேண்டும். பிறகுதான் தங்கம் வாங்கிப் பெட்டகத்தில் வைப்பார்கள். இதற்குள் சில வாரங்கள்கூட ஓடிவிடும். தங்கத்தின் விலையோ யாருக்காகவும் காத்திருக்காது! ஏன் இத்தனை சுற்று? கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

1933. பொருளாதாரப் பெருமந்தம். வங்கிகள் கவிழ, மக்கள் தங்க நாணயங்களைப் பதுக்கினார்கள். ஏப்ரல் 5 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். மே 1க்குள் தங்க நாணயங்களையும் கட்டிகளையும் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அவுன்சுக்குக் கிடைத்தது 20.67 டாலர். நகைகளுக்கும், ஒருவருக்கு 100 டாலர் வரையிலான நாணயங்களுக்கும் விலக்கு இருந்தது. அடுத்த ஆண்டே அரசு விலையை 35 டாலராக உயர்த்தியது. ஒப்படைத்தவர்களுக்கு அந்த லாபத்தில் ஒரு காசும் இல்லை.

இன்னொரு கதை 1963இல் தொடங்குகிறது. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலை மூடப்பட்டது. 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 தொழிலாளர்களுக்கு, சேரவேண்டிய ஓய்வூதியத்தில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் கிடைத்தது. பல ஆண்டு உழைப்பு கைநழுவியது. ஓய்வூதியப் பணத்தைச் சட்டம் காக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது.

இரண்டு கதைகளும் 1974இல் சந்தித்தன. செப்டம்பர் 2 அன்று அதிபர் ஃபோர்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐ.ஆர்.ஏ. எனப்படும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு பிறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, மக்கள் தங்கம் வைத்திருக்க இருந்த தடையும் நீங்கியது. 41 ஆண்டுக் காத்திருப்பு! ஆனால் அப்போது அவுன்சு 200 டாலரை நெருங்கியிருந்த விலை, 1976 ஆகஸ்டில் 103 டாலர் அளவுக்குச் சரிந்தது. ஆசையோடு வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

1981இல் மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. வரிச்சலுகை பெற்ற பணம் தங்கத்திலும் கலைப்பொருட்களிலும் முடங்கினால் தொழில் வளராது என்று நாடாளுமன்றம் கருதியது. ஐ.ஆர்.ஏ. பணத்தில் இவற்றை வாங்கினால், பணத்தை வெளியே எடுத்ததாகவே கணக்காகி வரி விழும். 1986இல் அரசு வெளியிட்ட ‘அமெரிக்கன் ஈகிள்’ நாணயத்துக்கு மட்டும் விலக்கு வந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் உயர்சுத்தத் தங்கக் கட்டிகளையும் அனுமதித்தது. ஆனால் அவை அங்கீகரிக்கப்பட்ட பொறுப்பாளரிடம்தான் இருக்க வேண்டும்.

இன்றைய காத்திருப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. தங்கம் அவருடையது, ஆனால் அவர் கையில் இருக்கக் கூடாது. ஈகிள் நாணயங்களைத் தன் வீட்டில் வைத்திருந்த ஒருவரின் வழக்கில், அது பணத்தை வெளியே எடுத்ததற்குச் சமம் என்று 2021இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காத்திருப்பிலும் இரண்டு வகை உண்டு. நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கே பணம் நேராகப் போனால், தாமதம் மட்டும்தான். வேலை பார்த்த நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து தன் பெயருக்கே காசோலை வாங்கினால், 20 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். 60 நாட்களுக்குள், பிடித்த தொகையையும் கைக்காசிலிருந்து சேர்த்து, முழுவதையும் புதிய கணக்கில் போடவேண்டும். போடாத பகுதி அந்த ஆண்டின் வருமானமாகி வரிக்கு உள்ளாகும்.

விலை ஏறுகிறதே என்று தவிக்கும் அந்தச் சில வாரங்கள் யாருக்கும் பிடிக்காதுதான். ஆனால் அவசரப்பட்டுப் பணத்தைக் கையில் வாங்கியவர் இழக்கக்கூடியது, தங்க விலையின் ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். காத்திருந்தவர் கையில் காசு வராது; சேமிப்பு மட்டும் முழுதாக வந்து சேரும்.