எக்ஸ்-கதிர் இடவிளக்கப் படமுறை

எக்ஸ்-கதிர் இடவிளக்கப் படமுறை என்பது படிகத்தின் அணு அடுக்கில் எவ்விடத்தில் குறை உள்ளது என்பதை, படிகத்தைச் சிதைக்காமல் படமாகப் பதியும் முறையாகும். லேசர் கற்றையால் உலோகப் படிகங்களில் ஏற்படும் சேதத்தை ஆராயவும் இது பயன்படுகின்றது.

அடிப்படை

படிகத்தின் அணுத்தளங்கள் பிராக் விதிப்படி எக்ஸ்-கதிர்களைத் தெறிக்கச் செய்கின்றன. அடுக்கு குலைந்த இடத்தில் தெறிப்பின் செறிவு மாறும். இம்மாற்றமே படத்தில் கோடுகளாகவும் திட்டுகளாகவும் பதிகின்றது. உலோகங்கள் எக்ஸ்-கதிர்களை மிகுதியாக உட்கவர்வதால், பரப்பிலிருந்து தெறிக்கும் கதிர்களைப் பதியும் பெர்க்-பாரெட் முறை அவற்றுக்கு ஏற்றதாகும்.

லேசர் சேதம்

லேசர் துடிப்பு விழுந்த இடம் நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் சூடேறி விரிய முயல்கின்றது. சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அதைத் தடுக்கின்றது. இதனால் எழும் தகைவு மிகும்போது அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. குளிர்ந்த பின்னரும் இக்குலைவு எஞ்சி நிற்கும். ஆகவே உலோகம் உருகாமல், பரப்பு கண்ணுக்குப் பளபளப்பாகத் தோன்றும்போதும் உள்ளே சேதம் இருக்கக்கூடும். துடிப்புகள் தொடர்ந்து விழுந்தால் பரப்பு சொரசொரப்பாகும். உயர்திறன் லேசர்களில் பயன்படும் செப்பு ஆடிகளுக்கு இது பெருங்கேடாகும்.

இந்தியாவில்

சர் சி. வி. இராமனின் மாணவரான ஜி. என். இராமச்சந்திரன், 1944 இல் வைரப் படிகங்களின் எக்ஸ்-கதிர் இடவிளக்கப் படங்களை வெளியிட்டார். முதல் லேசர் 1960 இல்தான் இயங்கியது. இராமச்சந்திரன் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரதங்களின் வடிவத்தை எக்ஸ்-கதிர்களின் துணையுடன் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.