கோல் ஏந்திய கை



கண்டக்டர் என்றதும் நமக்கெல்லாம் திண்டுக்கல் - பழனி பேருந்தில் விசில் ஊதி டிக்கெட் கிழிப்பவர்தான் நினைவுக்கு வருவார். மேல்நாட்டு இசையிலும் ஒரு கண்டக்டர் உண்டு. அவர் கையில் ஒரு சிறு கோல். வாய் திறப்பதில்லை, எந்தக் கருவியையும் தொடுவதில்லை. ஆயினும் நூறு பேர் அவர் கையசைவுக்குக் கட்டுப்படுகின்றனர். நாதசுர வித்துவானும் தவில்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே காலம் பிடித்துக்கொள்வார்கள். நூறு பேர் கூடி வாசிக்கையில் அது நடவாது. எவர் நுழைவது, எவர் அடங்குவது என்று காட்ட ஒருவர் வேண்டும். குருமடத்தில் நான்கு குரலில் பாடப் பழகிய நாட்களில், இரண்டாம் குரல்காரர்களாகிய நாங்கள் ஓர் அடி முந்திப் பாடி முழுப் பாடலையும் கவிழ்த்த பிறகே எனக்கு இது விளங்கிற்று.

இத்துறையில் உலகப் புகழ் எய்திய நம் நாட்டவர் சுபின் மேத்தா. 1936 ஏப்ரல் 29 அன்று பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியவர். சேசு சபையாரின் பள்ளியிலும் புனித சவேரியார் கல்லூரியிலும் பயின்ற சுபின், மருத்துவப் படிப்பை நோக்கிச் சென்று, மனம் ஒட்டாமல் அதை விட்டுவிட்டு, 1954இல் தம் 18ஆம் வயதில் வியன்னாவுக்குக் கப்பலேறினார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி அவருக்கு ஆசிரியர். பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளை அருகிலிருந்து காண்பதற்காகவே அவரும் உடன் பயின்ற கிளவுடியோ அப்பாடோவும் பாடற்குழுவில் சேர்ந்து பாடினார்கள். நல்ல யுக்திதான்!

1956இல் ஹங்கேரியில் கலகம் மூண்டு, மக்கள் எல்லை கடந்து ஆஸ்திரியாவில் தஞ்சம் புகுந்தனர். இருபது வயது மாணவரான மேத்தா ஏழே நாளில் சக மாணவர்களைத் திரட்டி ஓர் இசைக்குழு அமைத்து, வியன்னாவுக்கு வெளியே இருந்த அகதி முகாமில் நிகழ்ச்சி நடத்தினார். அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி இதுவே. பின்னர் வந்த பதவிகள் பல: லாஸ் ஏஞ்சலஸில் 1962 முதல் 1978 வரை, நியூயார்க்கில் 1978 முதல் 1991 வரை. இஸ்ரேல் பில்ஹார்மோனிக் குழுவோடு 1969இல் தொடங்கிய பொறுப்பு 2019 வரை நீடித்தது. (நம் ரெட்டியார்சத்திரத்துக்கு இஸ்ரேல் என்றால் காய்கறி நாற்றுதான், அவருக்கு அது அரை நூற்றாண்டு உறவு.) நம் அரசு 1966இல் பத்ம பூஷணும் 2001இல் பத்ம விபூஷணும் அளித்தது.

2004 டிசம்பர் 26 நமக்கு மறக்கக்கூடிய நாளா? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேளாங்கண்ணி சென்ற திருப்பயணிகள் பலரைக் கடல் கொண்டுபோயிற்று. ஓராண்டு கழித்து அதே நாளில், மேத்தா ஜெர்மனியின் பவேரிய அரசு இசைக்குழுவோடு சென்னை மியூசிக் அகாடமியில் நினைவு நிகழ்ச்சி நடத்தினார்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலம் நடுங்கிக் கடல் பொங்கியபோது, மேத்தா இத்தாலியின் பிளாரன்ஸ் குழுவோடு அந்நாட்டிலேயே இருந்தார். குழு நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டது. அணு உலை விபத்தும் சேர்ந்துகொள்ள, அயல்நாட்டுக் கலைஞர் பலர் ஜப்பான் பயணத்தைக் கைவிட்டனர். மேத்தாவோ திரும்பிச் சென்றார். ஏப்ரல் 10 அன்று தோக்கியோவில் என்.எச்.கே. இசைக்குழுவை வைத்து பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைத் துயருற்றோர் நிதிக்காக நடத்தினார்.

ஏன் ஒன்பதாவது? அது மனிதக் குரல் சேர்ந்த சிம்பொனி. மூன்று பகுதிகள் கருவிகள் மட்டும். நான்காம் பகுதியில் நால்வரும் பெரும் பாடற்குழுவும் எழுந்து, மாந்தர் யாவரும் உடன்பிறந்தோர் என்னும் பொருள்பட ஷில்லரின் கவிதையைப் பாடுவர். 1824 மே 7 அன்று வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியபோது பேத்தோவனுக்குக் காது கேட்கவில்லை; கைதட்டலைக் காண, பாடகி ஒருத்தி அவரைச் சபையின் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. 1918இல் ஜப்பானின் பாண்டோ முகாமில் அடைபட்ட ஜெர்மானியப் போர்க் கைதிகள், பெண்குரல் இல்லாமலே அதை அங்கே பாடினார்கள். இன்று ஆண்டு முடிவில் ஊர்தோறும் அதைப் பாடுவது ஜப்பானியர் வழக்கம்.

அந்த ஆண்டு டிசம்பர் வரை காத்திருக்கவில்லை. முதலில் மௌன அஞ்சலி, பிறகு பாஹின் மெல்லிய இசை ஒன்று, அதன் பின்னர் ஒன்பதாம் சிம்பொனி. கோல் ஏந்தி நின்றவருக்கு எழுபத்தைந்து வயது நிறைய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.