ஸ்மார்ட் டிவிக்கு மட்டும் தனிவழி: வீட்டு ரவுட்டரில் ப்ராக்ஸி

கைப்பேசியில் ப்ராக்ஸி முகவரியைப் பதிவது எளிது. பல ஸ்மார்ட் டிவிகளில் அதற்கு இடமே இல்லை. அந்த வேலையை வீட்டு ரவுட்டரிடம் ஒப்படைக்கலாம்.

ப்ராக்ஸி என்பது இடையில் நிற்கும் கணினி. டிவியின் கோரிக்கை முதலில் அங்கு சென்று, அக்கணினியின் முகவரியோடு இணையத்துக்குப் போகும்.

செய்யவேண்டியவை:

1. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிவிக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்குங்கள்.

2. அந்த முகவரியின் போக்குவரத்து மட்டும் ப்ராக்ஸி அல்லது விபிஎன் வழியே செல்ல விதி அமையுங்கள். 'ஓப்பன் டபிள்யூஆர்டி' மென்பொருளில் இது இயலும். எல்லா ரவுட்டர்களிலும் இவ்வசதி இராது.

3. ஐபிவி6 முகவரிக்கும் அதே விதி வேண்டும். இல்லாவிட்டால் டிவி அவ்வழியே நழுவிவிடும்.

வீடு முழுவதையும் திருப்பிவிடாதீர்கள். வங்கிச் செயலிகள் சந்தேகப்பட்டு உங்களைத் தடுக்கக்கூடும்.

நெட்ஃபிளிக்ஸ் 2016ஆம் ஆண்டிலேயே ப்ராக்ஸி வழி வருவோரைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. எனவே, வெளிநாட்டு நிகழ்ச்சிகள் கிடைக்குமென நம்பிப் பணம் கட்டும்முன் யோசியுங்கள்.

முக்கியமாக, ப்ராக்ஸியை நடத்துபவரால் உங்கள் டிவி எந்தத் தளங்களை நாடுகிறது என்பதை அறியமுடியும். யாரென்று தெரியாத இலவசச் சேவையிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா?