பன்னுக்குள் ஒரு சோளக்கொல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுப் பதிவு மாதிரி தொடங்கினாலும் இது சரித்திரப் பதிவுதான். பசியோடு வந்தவர்கள் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் படித்துவிட்டு ஓடிவிடலாம் :-)

மெக்சிகோ நகரத்தில் கொண்டேசா என்று ஒரு பகுதி இருக்கிறது. மரங்கள், பழைய கட்டடங்கள், நாய் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் என்று கொஞ்சம் பணக்காரத்தனமான இடம். அங்கே வேலை பார்க்கும் என் சித்தப்பாவோடு போன விடுமுறையில் நடந்துகொண்டிருந்தபோது, அல்ஃபோன்ஸோ ரெயெஸ் தெருவும் தமௌலிபாஸ் தெருவும் சந்திக்கிற முனையில் காலங்காத்தாலே ஒரு நீளமான வரிசை. கட்டடம் எதுவும் கிடையாது, நடைபாதைக் கடைதான். சித்தப்பா ஒன்றும் பேசாமல் வரிசையில் போய் நின்றார். எங்கள் முறை வந்ததும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பச்சையா, சிவப்பா?

கொடுத்தது இதுதான். மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற கோதுமை ரொட்டி ஒன்று. பெயர் பொலிய்யோ (போலியோ இல்லைங்க). அதைப் பிளந்து, மசித்து வதக்கிய பீன்ஸ் தடவி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழித்துண்டை வைத்து, அதன் மேல் சிலாகிலெஸ்ஸை அள்ளிப் போட்டு, அதற்கும் மேல் கிரீம், சீஸ். சிலாகிலெஸ் என்றால் வேறொன்றுமில்லை. மீந்துபோன மக்காச்சோள டோர்ட்டியாவைத் துண்டுபோட்டுப் பொரித்து மிளகாய்ச் சாற்றில் ஊறவைப்பது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பன்னுக்குள் கொத்துப் பரோட்டாவை அடைத்து, சிக்கன் சிக்ஸ்டிஃபைவையும் சேர்த்து, மேலே தயிர் ஊற்றினது மாதிரி. மாவுக்குள் மாவு. ஒரு ஆள் காலையில் சாப்பிடுகிற அளவே இல்லை அது. முழுசாகச் சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

இதைவிட எளிமையான, இதைவிட ஏழைகளுக்கு நெருக்கமான அக்கா ஒருத்தி இதற்கு இருக்கிறாள். பெயர் குவாஹொலோட்டா. அரைத்த மக்காச்சோள மாவைச் சோள மட்டையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் தமால். (தமால், தமிழ் என்று உடனே ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள். அது நாவாட்டல் மொழிச் சொல், தமல்லி. நமக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை!) கிட்டத்தட்ட நம் பூரணக் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி. அந்தத் தமாலை மட்டையை உரித்துவிட்டு அப்படியே ரொட்டிக்குள் வைத்தால் குவாஹொலோட்டா. கையில் அதுவும், குடிக்க சூடான சோளக் கஞ்சி அத்தோலேயும். மெட்ரோ நிலைய வாசல்களில் காலையில் நின்றுகொண்டே இதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கலாம்.

எனக்கு உறைத்த கேள்வி இது. சோளத்துக்கு மேல் எதற்குக் கோதுமை? மாவுச்சத்தை மாவுச்சத்துக்குள் வைத்துத் தின்பது விசித்திரம்தான். ஆனால் இந்த இரண்டு தானியங்களும் ஒரே தட்டுக்கு வந்து சேர 500 வருடம் பிடித்திருக்கிறது. நடுவில் நடந்ததெல்லாம் அவ்வளவு ருசியான கதை இல்லை.

1521-ல் ஸ்பெயின்காரர்கள் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானைப் பிடிக்கும்வரை அந்த மண்ணில் கோதுமையே கிடையாது. அதை முதலில் விதைத்தவர் யார் தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த ஒரு கறுப்பினத்தவர். பெயர் ஹுவான் கர்ரீதோ. லிஸ்பன் போய் ஞானஸ்நானம் பெற்று, கரீபியன் தீவுகள் வழியாக வந்து கோர்ட்டேஸின் படையில் சேர்ந்தவர். 1538-ல் ஸ்பானிய அரசருக்கு அவர் கொடுத்த மனு இன்றும் ஆவணமாக இருக்கிறது. இந்த நாட்டில் முதன்முதலில் கோதுமை விதைத்துப் பார்த்தவன் நான், செலவையும் நானே போட்டேன், எனக்குப் பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அதன் சாரம். 1552-ல் லோபெஸ் தெ கோமரா எழுதிய வரலாற்றில் இன்னொரு விவரமும் வருகிறது. கர்ரீதோவுக்குக் கிடைத்தது வெறும் மூன்று கோதுமை மணி. அதுவும் ஒரு அரிசி மூட்டைக்குள்! அதில் இரண்டு முளைத்தன, ஒரு கதிரில் 180 மணி வந்தது என்கிறார் கோமரா. கதை கொஞ்சம் ஊதப்பட்டிருக்கலாம். இருந்தாலும் அந்த அரிசி மூட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஸ்பெயின்காரர்களுக்குக் கோதுமை வெறும் சாப்பாடு இல்லை. பூசையில் பாதிரியார் எடுக்கும் அப்பம் கோதுமையில்தான் இருக்கவேண்டும் என்பது கத்தோலிக்கச் சட்டம். சோளத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே யார் எதைத் தின்கிறார்கள் என்பதே யார் எந்த ஜாதி என்று காட்டும் அடையாளம் ஆகிவிட்டது. ரொட்டி தின்கிறவன் மேலே, டோர்ட்டியா தின்கிறவன் கீழே. நமக்கு இதைப் பெரிதாக விளக்கவேண்டியதில்லை, இலையைப் பார்த்தே ஆளை எடைபோடும் பழக்கம் நம்மிடமும் உண்டு. 1531-ல் நிறுவப்பட்ட புவெப்லா நகரமும் அதன் பக்கத்து அட்லிஸ்கோ பள்ளத்தாக்கும் கோதுமைக் களஞ்சியங்கள் ஆயின. வேடிக்கை என்னவென்றால், அந்த ரொட்டியைச் சுட்டவர்கள் பெரும்பாலும் சோளம் தின்கிற பூர்வகுடிகள். மெக்சிகோ நகர அடுமனைகளில் கடனுக்காகப் பூட்டிவைக்கப்பட்டு வேலை செய்தவர்கள் அவர்களில் பலர்.

அடுத்தது பிரெஞ்சுக்காரர்கள். 1862-ல் படையெடுத்தார்கள், 1864-ல் மாக்சிமிலியன் என்ற ஆஸ்திரிய இளவரசரைக் கொண்டுவந்து சக்கரவர்த்தி ஆக்கினார்கள், 1867-ல் மெக்சிகோக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பொலிய்யோ ரொட்டி அவர் அரண்மனை அடுமனைக்காரர் விட்டுச்சென்ற பரிசு என்று ஊரெல்லாம் கதை சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் சினிமாத்தனமாகப் படுகிறது. பிரெஞ்சு ரொட்டி பாணி அந்த நூற்றாண்டில் பரவலாக வந்தது உண்மை, அதற்கு ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்குவது கதைக்கு வசதி, அவ்வளவுதான்.

அந்த ரொட்டியைப் பிளந்து உள்ளே அடைத்து விற்கும் டோர்ட்டா, மெக்சிகோ நகரத்தில் ஒரு வியாபாரமாக ஆனது 1892-ல் என்று சொல்வார்கள். எஸ்பிரிட்டு சாண்டோ என்ற சந்தில் அர்மாண்டோ மார்ட்டினெஸ் என்பவர் திறந்த கடை. எழுத்தாளர் ஆர்ட்டெமியோ தெ வாயே அரிஸ்பே அந்தக் கடையைப் பற்றி ரசித்து எழுதியிருக்கிறார். அதாவது, பணக்காரன் ரொட்டிக்குள் தெருவின் மிளகாயும் பீன்ஸும் அப்போதே நுழைந்துவிட்டன.

ஆனால் சோளம் நுழையவில்லை. ஏன் என்று புரிய, 1899-ல் வந்த ஒரு புத்தகத்தைப் பார்க்கவேண்டும். பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்று ஒரு மெக்சிகோ அரசியல்வாதி. சர்வாதிகாரி போர்ஃபீரியோ தியாஸின் ஆட்சிக்கு வேண்டியவர். உலக மக்களை மூன்று இனமாகப் பிரித்தார் அவர்: கோதுமை இனம், அரிசி இனம், சோள இனம். முன்னேறத் தகுதியுள்ளது கோதுமை இனம் மட்டுமாம். சோளம்தான் பூர்வகுடிகளை மந்தமாக்கி அடக்கி வைத்திருக்கிறதாம். நிலத்தைப் பிடுங்கிப் பண்ணைகளில் கடனுக்கு அடிமையாக்கி வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு, குற்றத்தைத் தட்டில் கிடந்த டோர்ட்டியா மேல் தூக்கிப் போட்டார் மனிதர். போகிற போக்கில் அரிசி இனம் என்று நம்மையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். அவர் போற்றிய கோதுமை, மெக்சிகோ மண்ணுக்கு ஒரு அரிசி மூட்டைக்குள் ஒளிந்து வந்தது என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்!

இது ஏதோ ஒரு கிறுக்கரின் கருத்து என்று தள்ளிவிட முடியாது. 1910 புரட்சிக்குப் பிறகும் படித்தவர்கள் மத்தியில் இந்த எண்ணம் உயிரோடு இருந்தது. அறிவியல் அதை உடைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பூர்வகுடிப் பெண்கள் சோளத்தைச் சும்மா அரைப்பதில்லை. முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அந்தப் பக்குவத்தில் தோல் கழன்றுவிடும், மாவு பிடிபடும், சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்புக்குக் கிடைக்கும், சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், அந்தப் பெண்களின் பக்குவத்தை எடுத்துப் போகவில்லை. விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து, செத்தும் போனார்கள். 1735-ல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதை முதலில் கவனித்தார். மெக்சிகோவில் அந்த நோய் பெரிதாக இல்லை. 1940-களில் மெஸ்கிட்டால் பள்ளத்தாக்கில் ஒத்தோமி மக்களின் உணவை ஆராய்ந்து 1946-ல் வெளியிட்டார்கள். கறியும் பாலும் அரிதாகக் கிடைத்த அந்த ஏழைகள், டோர்ட்டியா, காட்டுக் கீரை, கள் மாதிரியான புல்கே இவற்றை வைத்தே உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பழக்கத்தை மாற்றப் போகாதீர்கள் என்பதுதான் கிடைத்த பாடம். புல்னெஸ் அதைப் படிக்க உயிரோடு இல்லை.

இங்கே நம் கதையும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. 1944-ல் நார்மன் போர்லாக் மெக்சிகோ போய் உருவாக்கத் தொடங்கிய கோதுமை ரகங்கள்தான் 1966-ல் 18,000 டன் விதையாக இந்தியாவுக்குக் கப்பலேறின. அப்போது உணவு அமைச்சர் நம்ம சி. சுப்பிரமணியம். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

டோர்ட்டாவுக்கு வருகிறேன். தமாலும் சிலாகிலெஸ்ஸும் ரொட்டிக்குள் போனது யார் திட்டமும் இல்லை. நகரத்துக்கு வேலைக்கு வந்தவனுக்குத் தட்டு கிடையாது, உட்கார நேரம் கிடையாது, மதியம்வரை வயிறு தாங்கவேண்டும். ரொட்டிதான் தட்டு, ரொட்டிதான் கைக்குட்டை. இதை ஒரு 'கலாச்சாரச் சங்கமம்' என்று அழகுபடுத்த எனக்கு மனசில்லை. கோதுமை மேலே, சோளம் கீழே என்று அடுக்கி வைத்ததை அவசரமும் பசியும் சேர்ந்து கலைத்துப் போட்டுவிட்டன. கொண்டேசா முனையில் கோட்டு போட்டவரும் கட்டடத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அதற்காகச் சோளத்தின் சண்டை முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். 2007 ஜனவரியில் டோர்ட்டியா விலை தாறுமாறாக ஏறியது. அதிபர் கால்தெரோன் வியாபாரிகளோடு பேசிக் கிலோ 8.50 பெசோ என்று ஒரு உச்சவரம்பு ஒப்பந்தம் போட்டார். மக்கள் நம்பவில்லை. அந்த மாதம் 31-ம் தேதி பல்லாயிரம் பேர் தலைநகரத்தில் ஊர்வலம் போனார்கள். அடுத்த வருடம், 2008 ஜனவரி 1-ல், அமெரிக்கச் சோளத்துக்கு இருந்த கடைசி வரித்தடையும் ஒப்பந்தப்படி விலகியது. 2025 மார்ச்சில் மெக்சிகோ தன் அரசியல் சட்டத்தையே திருத்தி, மரபணு மாற்றிய சோளத்தை அந்த மண்ணில் விதைக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. சோளம் தேசத்தின் அடையாளம் என்றும் அதே திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பச்சை, சிவப்பு இரண்டில் எது காரம் குறைவு என்று கேட்காதீர்கள், இரண்டும் காரம்தான்.